‘மசக்கைதானே’ என்று அனுப்பிவிடுகிறார் டாக்டர். அவரிடம் எப்படிப் பேசுவது?

கேட்டவர் குரோம்பேட்டைக்காரர். முதல் கர்ப்பம், 9-ஆவது வாரம். நுங்கம்பாக்கத்தில் வேலை. எலக்ட்ரிக் ட்ரெய்ன் கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறினாலே குடலைப் புரட்டிக்கொண்டு வருகிறதாம். வீட்டில் தாளிக்கிற வாசனை ஆகவில்லை, கணவர் குளிக்கிற சோப்பு வாசனைகூட ஆகவில்லை. டாக்டரிடம் இரண்டு முறை போய்விட்டார், இரண்டு முறையும் மாமியாரோடு. “மசக்கைதானே, மூணு மாசம் தாண்டினா சரியாயிடும்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். வியாழக்கிழமை மறுபடியும் போகிறார். “எனக்கு முடியவில்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? இல்லை, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லைம்மா, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. 5, 6 வாரத்தில் ஆரம்பிக்கிற குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு 9-ஆவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல இறங்கி, பத்தில் ஒன்பது பேருக்கு 20 வாரத்துக்குள் நின்றுவிடும். ஆக டாக்டர் சொன்னது தப்பு இல்லை. ஆனால் அதுவரை எப்படிச் சாப்பிடுவது, எப்படி வேலைக்குப் போவது என்பதுதானே உங்கள் கஷ்டம்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வைக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் ஓ.பி.யில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதித் தர மாட்டேன். ஆனால் டாக்டரின் மேஜைக்கும் கர்ப்பிணியின் ஸ்டூலுக்கும் நடுவில் நின்று, இந்தப் பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்பதைத் தினமும் பார்த்தவள்.

அறுந்துபோகிற இடம் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான். மசக்கை என்பது நம் வீடுகளில் சந்தோஷமான சொல். சொன்னதும் எல்லோருக்கும் முகம் மலரும். மாங்காய் நறுக்கித் தருவார்கள், பையனா பெண்ணா என்று ஜோசியம் பார்ப்பார்கள், “என் காலத்துல...” என்று ஆரம்பிப்பார்கள். சாயங்கால கிளினிக்கில் நாற்பது டோக்கன் ஓட்டுகிற டாக்டரின் காதிலும் அது அப்படித்தான் விழுகிறது. கர்ப்பிணிகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இருப்பதுதானே என்று கை தானாக அடுத்த சீட்டுக்குப் போய்விடும். அதனால் என் முதல் யோசனை: அறைக்குள் நுழைந்த பிறகு ‘மசக்கை’ என்ற சொல்லை நீங்கள் சொல்லாதீர்கள். ‘ரொம்ப வாந்தி’, ‘முடியல’, ‘ஒண்ணுமே தங்கல’ என்பதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் லேசாக இருப்பவரும் அதைத்தான் சொல்கிறார், ஆபத்தில் இருப்பவரும் அதைத்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். “சிஸ்டர், ரொம்ப முடியல” என்று வந்த ஒரு பெண்ணை, “எல்லாருக்கும் இருக்கறதுதான்ம்மா, போய் எலுமிச்சம்பழம் மோந்து பாரு” என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தாள். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது, ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. நல்ல வேளை, தேறிவிட்டாள். அன்றிலிருந்து ‘ரொம்ப’ என்று யார் சொன்னாலும் ‘எத்தனை’ என்று கேட்காமல் விட்டதில்லை.

உங்கள் டாக்டர் ‘எத்தனை’ என்று கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “மேடம், நேத்து ஒரே நாள்ல ஆறு தடவை வாந்தி. தண்ணி மூணு டம்ளர்தான் உள்ள நின்னுது. மத்தியானத்துக்கு மேல ஒரு தடவைதான் யூரின் போச்சு, அதுவும் மஞ்சளா. கர்ப்பத்துக்கு முன்னாடி 54 கிலோ, இப்ப 51.” சொல்ல பதினைந்து விநாடி ஆகாது. இதைக் கேட்ட பிறகும் எழுந்து போகச் சொல்வது எந்த டாக்டருக்கும் எளிதல்ல. காரணம், 54 கிலோவில் 3 கிலோ குறைவது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுகிறது. முன்பிருந்த எடையில் 5 சதவீதம் போய்விட்டது என்றால் சாதாரண மசக்கையின் எல்லையைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கடும் வாந்தி நிலைக்கு ஹைப்பரெமெசிஸ் கிராவிடேரம் என்று பெயர். நூறு பேரில் ஒருவர், மிஞ்சினால் மூவர் என்ற அளவில்தான் வரும். வந்தால் பல நேரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மகப்பேறு டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு சின்ன மதிப்பெண் கணக்கு, மூன்றே கேள்வி. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் குமட்டல் இருந்தது? எத்தனை முறை வாந்தி எடுத்தீர்கள்? எத்தனை முறை ஒன்றும் வராமல் வெறுமனே ஓங்கரித்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. குமட்டல் இல்லவே இல்லை என்றால் 1, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 2, இரண்டு மூன்று மணி நேரம் 3, நாலிலிருந்து ஆறு மணி நேரம் 4, அதற்கும் மேல் 5. வாந்திக்கும் ஓங்கரிப்புக்கும்: இல்லை என்றால் 1, ஒன்றிரண்டு முறை 2, மூன்று நான்கு முறை 3, ஐந்து ஆறு முறை 4, ஏழும் அதற்கு மேலும் 5. மூன்றையும் கூட்டுங்கள். 6 வரை லேசு, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13-உம் அதற்கு மேலும் கடுமை. ஓங்கரிப்பை நம் பெண்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “வாந்தி ரெண்டு தடவைதான்” என்பார்கள். விசாரித்தால் நாள் முழுக்க வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். வெறும் வயிற்றில் ஓங்கரிப்பதுதான் விலா எலும்பையே வலிக்க வைக்கும். அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இதற்காக நோட்டு வாங்க வேண்டாம். போனில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது அடுப்பங்கரைக் காலண்டரில் வாந்திக்கு ஒரு கோடு, சிறுநீருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு நாள் கணக்கு போதும்.

சிறுநீரை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், சென்னை வெயிலில் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். குளிர் ஊரில் இருப்பவர் நாலு முறை வாந்தி எடுத்தும் சமாளித்துவிடலாம். இங்கே மே மாதத்தில் ட்ரெய்னுக்கு நின்றாலே உடம்பிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வேர்வையாகப் போய்விடுகிறது. வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வந்தாள், இருபது வயதுகூட இருக்காது. அவள் வாயைத் திறக்கவில்லை, மாமியார்தான் பேசினார். “நான் நாலு பெத்தேன் சிஸ்டர், வாந்தி எடுத்துக்கிட்டே மாவாட்டினேன். இது சோத்தைப் பாத்தாலே ஓடுது.” நான் பதில் பேசாமல் பெண்ணை எடை மெஷினில் ஏற்றினேன். முதல் வருகையில் 56 என்று எழுதியிருந்தது, இப்போது முள் 52-இல் நின்றது. சிறுநீர் பிடித்து வரச் சொல்லி டப்பா கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து அடியில் இரண்டு ஸ்பூன் அளவு கொண்டுவந்தாள், காபி டிகாக்‌ஷன் நிறத்தில். சோதனைப் பட்டையைத் தோய்த்தால் கீட்டோன் கட்டம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. டப்பாவை மாமியாரிடமே காட்டினேன். அந்த அம்மா அதைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு நாங்கள் வார்டில் சேர்க்கச் சொல்வதற்குள் அவரே, “பெட்டு இருக்கா சிஸ்டர்?” என்று கேட்டார். அடுத்த நான்கு நாளும் ஸ்பூனால் மோர் ஊட்டியவர் அவர்தான்.

(கீட்டோன் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது பல அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான்.)

உங்கள் மாமியாரையும் இப்படித்தான் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட வருகிறவர்களைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. ஆனால் உங்களிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்ல விடாதீர்கள். போவதற்கு முன்பே வீட்டில் வைத்து, “அத்தை, நான் எண்ணிக்கை சொல்றேன், நான் மறந்ததை நீங்க சொல்லுங்க” என்று வேலையைப் பிரித்துக்கொடுத்துவிடுங்கள். தனியாகச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் நர்ஸிடம் மெதுவாகச் சொல்லுங்கள். எடை பார்க்கிற இடத்துக்கும், சிறுநீர் கொடுக்கிற இடத்துக்கும் நீங்கள் மட்டும்தானே வருவீர்கள்? எத்தனையோ விஷயம் எங்கள் காதுக்கு அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் இதற்கு ‘மார்னிங் சிக்னெஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் சாயங்காலம் வாந்தி எடுக்கிறவருக்குத் தனக்கு வேறு ஏதோ என்று பயம் வந்துவிடுகிறது. நம் மசக்கையில் காலையும் இல்லை, மாலையும் இல்லை, அந்த வகையில் நம் சொல்லே மேல். எந்த நேரத்தில் அதிகம் என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.

எல்லா வாந்தியும் மசக்கை இல்லை என்பதும் இங்கேயே சொல்லியாக வேண்டும். 9 வாரம் வரை நன்றாக இருந்துவிட்டு அதற்குப் பிறகு முதன்முறையாக வாந்தி ஆரம்பித்தால் வேறு காரணம் தேட வேண்டும். காய்ச்சல், வயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல், கண் மஞ்சளாவது, வாந்தியில் ரத்தம், கடுமையான தலைவலி, இவை மசக்கையோடு வருவதில்லை. சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, குடல்வால் வீக்கம் எல்லாம் ‘மசக்கைதானே’ என்ற பேச்சில் ஒளிந்துகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் ஒன்று இருந்தாலும் வாந்திக் கணக்கைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். இரட்டைக் குழந்தை என்றாலும், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு தப்பாக வளர்வது) என்று சொல்கிறார்களே அதுவாக இருந்தாலும் வாந்தி அதிகமாக இருக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். குறைந்து வந்தால் பதற வேண்டாம். கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தூண்டிவிடும், பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர், காலையில் போட்ட மாத்திரை வாந்தியில் வந்துவிடுகிறது என்றால் அதை அவசியம் சொல்ல வேண்டும்.

இனி மருந்து. “கர்ப்பத்துல மாத்திரை எதுவும் கூடாது” என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு கதை உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் அதைச் சாப்பிட்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்து, 1961-இல் அதை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க மருந்து என்றாலே கர்ப்பிணிகள் நடுங்கியதற்கு அது ஒரு காரணம், நியாயமான காரணமும்கூட.

ஆனால் இன்று இங்கே முதலில் எழுதுகிற மாத்திரை அது இல்லை. டாக்ஸிலமின், வைட்டமின் பி6 இரண்டும் சேர்ந்தது. மெடிக்கல் ஷாப்பில் டாக்ஸினேட் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதற்கும் ஒரு வழக்குக் கதை இருக்கிறது. இதே கூட்டு மருந்தை அமெரிக்காவில் 1983-இல் கம்பெனியே நிறுத்திக்கொண்டது. குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆனதால் நிறுத்தவில்லை, வழக்குச் செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். 30 வருடம் கழித்து, 2013-இல் அரசு அனுமதியோடு திரும்பி வந்தது. கர்ப்பத்தில் இந்த அளவுக்கு ஆராயப்பட்ட மருந்துகள் குறைவு. பெரும்பாலும் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை அது. வாந்தி வரும்போது வாயில் போட்டால் உடனே பலிக்காது. அதனால்தான் காலைக் குமட்டலுக்கு ராத்திரி போடச் சொல்கிறார்கள். உடைக்காமல் விழுங்க வேண்டும். தூக்கம் வரும். நீங்கள் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டி ஓட்டுகிறவர் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், பகலில் போடுகிற வேளையை மாற்றித் தருவார்.

அடுத்து ஆண்டான்செட்ரான். எமெசெட் என்று கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். கேட்கும். ஆனால் முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் உதடு, அண்ணப் பிளவு 10,000 பேருக்கு 3 பேர் என்ற கணக்கில் கூடுதலாக இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு சொன்னது. சின்ன எண்தான். மற்ற மருந்து கேட்காதபோது டாக்டர்கள் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். என் ஆட்சேபம் மருந்தின் மேல் இல்லை, அதைக் கவுண்டரில் வாங்குவதில்தான். டாக்டரிடம், “இது வரைக்கும் கடையில் வாங்கிப் போட்டது இவ்வளவு” என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி, எல்லாம் இதில் சேர்த்தி. திட்டு விழும் என்று மறைப்பார்கள். விழட்டும், விழுந்தால் ஒரு நிமிடம்தான்.

உங்களுக்கு எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் இரும்புச் சத்து இருந்தால் குமட்டல் கூடும். அரசு மருத்துவமனைகளில் முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் இரும்பு மாத்திரையை ஆரம்பிப்பார்கள். “இப்போதைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டுக்கலாமா மேடம்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குமட்டல் போனவர்களை எனக்குத் தெரியும். ரத்த சோகை இருந்தால் டாக்டர் வேறு முடிவு எடுப்பார், அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதேபோல் நெஞ்செரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும் வாந்தியோடு சேர்த்துக் குழப்பாமல் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, அது அடங்கினால் வாந்தியும் கொஞ்சம் அடங்கும். மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றுகிறதா? சிரிக்க மாட்டார்கள், சொல்லுங்கள். ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே உங்கள் காதைத் தின்றிருப்பார்கள், நான் சுருக்கமாக விட்டுவிடுகிறேன். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு கைப்பிடிப் பொரியோ ரஸ்க்கோ. வயிறு காலியாகவும் கூடாது, நிறையவும் கூடாது. இஞ்சி உதவும், இஞ்சி மரப்பாவும் சரிதான். சூடான சாதத்தைவிட ஆறிய தயிர் சாதத்துக்கு வாசனை குறைவு, அதனால்தான் அது இறங்குகிறது. தண்ணீர் தங்காவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய். ‘சத்தானதைச் சாப்பிடு’ என்கிறவர்களுக்கு: இந்த சில வாரம் எது தங்குகிறதோ அதுதான் சத்து.

நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல நினைப்பது குளுக்கோஸ் ஏற்றுவதைப் பற்றி. நம் ஊரில் முடியவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் போய் ‘ஒரு பாட்டில்’ ஏற்றிக்கொள்வது பழக்கம். ஒரு நாள் வாந்திக்கு அதனால் பெரிய தோஷம் இல்லை. ஆனால் இரண்டு மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவருக்கு உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். குளுக்கோஸ் உள்ளே போனதும் மிச்சம் மீதி பி1-ஐயும் அது செலவழித்துவிடும். அப்போது மூளை பாதிக்கும். பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். அரிதுதான், ஆனால் வந்தால் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். பி1 ஊசியை முதலில் போட்டால் தடுத்துவிடலாம், விலையும் சொற்பம். வாந்தி நோயாளிக்கு முதலில் தேவை குளுக்கோஸைவிட உப்பு நீர் சலைன், தேவைப்பட்டால் பொட்டாசியம். டாக்டருக்கே பாடம் எடுப்பது போல் இருக்குமோ என்று தயங்காதீர்கள். கேட்கிற விதத்தில் கேட்கலாம்: “மேடம், நான் மூணு வாரமா சரியா சாப்பிடல. ட்ரிப் போடுறதுக்கு முன்னாடி பி1 ஊசி வேணுமா?” நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். நான் வேலை பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்டால், “எங்க படிச்சீங்க?” என்று சந்தோஷமாகக் கேட்டிருப்பார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஊசி கிடைத்தால் சரி.

“எல்லாம் மனசுலதான்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் அதிர்ஷ்டசாலி. 2023 டிசம்பரில் வெளியான ஒரு ஆராய்ச்சி இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது, மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் அது வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்தவர்களுக்கு அது திடீரென்று ஏறும்போது பழக்கமில்லாமல் வாந்தி அதிகமாகிறது. முன்பே அதிகமாக இருந்த பெண்களுக்கு, உதாரணமாகத் தலசீமியா உள்ளவர்களுக்கு, மசக்கை குறைவு. உங்கள் மாமியார் மாவாட்டினார், உங்களால் முடியவில்லை என்றால் அதில் மன உறுதிக்கு வேலை இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ கடுமையான வாந்தி இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம்.

ஆனால் வாந்தியால் மனசு உடைவது நிஜம். “இந்தக் குழந்தையே வேண்டாம்னு தோணுது சிஸ்டர்” என்று எடை மெஷின் மேல் நின்றபடி அழுதவர்கள் உண்டு. அவர்கள் கெட்ட தாய் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஒரு மாதம் இருந்தால் யாருக்கும் அப்படித் தோன்றும். அப்படித் தோன்றினால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், வாந்திக் கணக்கைச் சொல்கிற அதே குரலில் அதையும் சொல்லுங்கள். சிகிச்சையை வேகப்படுத்த அதுவும் ஒரு காரணம்.

வேலைக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்று. கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு, மகப்பேறு விடுப்பு போகக் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்த உரிமை. டாக்டரின் சான்று வேண்டும். அதை ஃபீஸ் கட்டி வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்து மறுபடி வரிசையில் நிற்காதீர்கள், உள்ளே இருக்கும்போதே கேளுங்கள்.

அவர் அப்போதும் கையசைத்து அனுப்பினால், எழுந்திருப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: “மேடம், எந்த நிலைமைக்கு வந்தா நான் அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம உடனே வரணும்?” இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் இருக்க முடியாது. சொன்னதை அவர் எதிரிலேயே போனில் எழுதுங்கள். இதற்கும் பதில் இல்லை என்றால் டாக்டரை மாற்றுவதில் பாவம் ஒன்றும் இல்லை. 104-க்கு போன் செய்தால் அரசு சுகாதார உதவி எண்ணில் ஆலோசனை சொல்வார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருக்கிறீர்களா? தனியாரிடம் பார்த்தாலும் அது வேண்டும், 12 வாரத்துக்குள் செய்துவிட்டால் நல்லது. அதற்குப் போகும்போது அங்கே இருக்கும் நர்ஸிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எடை பார்ப்பார், பி.பி. பார்ப்பார், தேவைப்பட்டால் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்கோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கோ சீட்டு எழுதிக் கொடுப்பார். அங்கே கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் வாந்தியில் நீர்வற்றிப் போன கர்ப்பிணியை அங்கே தினமும் பார்க்கிறார்கள். சொல்லிப் புரியவைக்கத் தேவைப்படாது.

வியாழக்கிழமை போவதாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணுவதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். காலையில் சாப்பிடும் முன், ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். பழைய எடை ஞாபகம் இல்லை என்றால் முதல் வருகைச் சீட்டில் இருக்கும், தேடி எடுத்து வையுங்கள். ஆனால் அதற்குள் எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை, அல்லது ஒரு நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை, அல்லது எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் வியாழக்கிழமையை மறந்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான், ஆட்டோ கிடைக்காவிட்டால் 108. பையில் சீட்டும், மாத்திரை அட்டையும், கனமான பிளாஸ்டிக் கவர் நாலும் இருக்கட்டும்.